மதுக்கூடத்தில் நாய்க்கு என்ன வேலை?

மொழிபெயர்ப்புக் கட்டுரைகளிலும் காணொளிகளின் வசன வரிகளிலும் ‘மதுக்கூட நாய்’ என்றொரு சொல் உலவுகிறது. அச்சுப்பிழையாக இருக்கும் என்று முதலில் விட்டுவிட்டேன். இப்போது ‘மதுக்கூடப் பூனை’யும் வந்து சேர்ந்துவிட்டது. இவர்கள் சொல்ல வருவது, திராட்சையிலிருந்து ஒயின் செய்யும் இடங்களில் வளர்ந்து அங்கேயே வேலையும் பார்க்கும் நாய் பூனைகளை. படிப்பவர் மனத்தில் எழுவதோ, குடிக்கிறவர்களின் மேசைக்கடியில் எதற்கோ காத்துக்கிடக்கும் நாய்.

சொல்வரலாறு நீளமில்லை. ஒயின் செய்யும் இடத்துக்கு ஆங்கிலப் பெயர் ‘வைனரி’; இதைத்தான் இவர்கள் மதுக்கூடம் ஆக்குகிறார்கள். அது 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ஆங்கிலத்தில் புழக்கத்துக்கு வந்தது. ‘வைன்’ என்பதோடு இடத்தைக் குறிக்கும் விகுதி சேர்ந்தது, அவ்வளவுதான். ‘வைன்’ லத்தீன் ‘வீனும்’ வழி வந்தது. கிரேக்கத்தில் ‘ஒய்னோஸ்’, ஆர்மேனியத்தில் ‘கினி’, ஜார்ஜியத்தில் ‘க்வினோ’ என்று பழைய மொழிகள் பலவற்றில் இதன் உறவுகள் கிடக்கின்றன. முதலில் யாருடைய சொல் என்பதே வழக்கு. இப்படி ஊர் ஊராகத் திரிந்த சொல் தமிழில் ‘ஒயின்’ என்று தங்கினால் எனக்குக் குறையில்லை. குறை ‘வைனரி’யின் பின்பாதியை, அதாவது இடத்தை, மொழிபெயர்ப்பதில்தான்.

கூடம் என்றால் கூடும் இடம். மதுக்கூடம் குடிக்கக் கூடும் இடம். அந்தப் பொருளில் அது ஊன்றிவிட்டது, இனி அசைக்க முடியாது. ஒயின் செய்யும் இடத்தில் நடப்பது வேறு. திராட்சையை நசுக்குகிறார்கள், தொட்டியில் நொதிக்க விடுகிறார்கள், பிழிகிறார்கள், பீப்பாயில் மாதக்கணக்காக முதிர வைக்கிறார்கள். இதற்கு ‘ஆலை’யைவிடப் பொருந்தும் சொல் நம்மிடம் இல்லை. ஆலை என்றதும் புகைபோக்கியும் சங்கொலியும் நினைவுக்கு வருகின்றன, அழகாக இல்லை என்று முகம் சுளிப்பவர்கள் அகராதியைப் புரட்டலாம். கரும்பை நசுக்கிச் சாறு பிழியும் பொறிக்குத்தான் ஆலை என்று பெயர். கன்னடத்தில் வெல்லம் காய்ச்சும் இடம் இன்றும் ‘ஆலெமனெ’. பஞ்சாலையும் காகித ஆலையும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. பழைய தமிழ் விவிலியத்தை மொழிபெயர்த்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. திராட்சத்தோட்டத்தைச் சுற்றிலும் வேலியடைத்து ‘ஆலையை நாட்டி’ என்று அவர்கள் எழுதியது திராட்சை பிழியும் ஆலையைத்தான். கையில் இருந்த சொல்லை விட்டுவிட்டு மதுக்கூடத்துக்கு ஏன் போனோம்?

தூய தமிழ் அன்பர்கள் சிலர் ‘தேறலகம்’ என்கிறார்கள். ஆசையாகத்தான் இருக்கிறது. தேறு என்றால் தெளி. தேறல், தெளிந்த மது. ‘யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்’ என்ற புறநானூற்று வரி கப்பலில் வந்த ஒயினைத்தான் சொல்கிறது என்பதால் இந்தச் சொல்லுக்கு உரிமையும் உண்டு. ஆனால் மூங்கில் குழாயில் முதிர்ந்த தேன்கள்ளையும் திருமுருகாற்றுப்படை ‘தேறல்’ என்றே சொல்கிறது. ஆகத் தேறல், திராட்சைக்கு மட்டும் எழுதிவைத்த சொல்லல்ல. அதைவிட எரிச்சல் தருவது அந்த ‘அகம்’. நூலகத்தில் தொடங்கி உணவகம், மருந்தகம், அடுமனையகம் என்று எதைப் பார்த்தாலும் ஒரு அகத்தை மாட்டிவிட்டால் சொல்லாக்கம் முடிந்தது என்று ஆகிவிட்டது. உள்ளே என்ன நடக்கிறது என்பதை அகம் சொல்லாது, ஆலை சொல்லும். ‘தேறல் ஆலை’ என்று யாராவது எழுதினால் சண்டைக்கு வரமாட்டேன்.

இன்னொரு கட்சி ‘மது ஆலை’ போதும் என்கிறது. போதாது. சாராயம் வடிக்கும் இடத்துக்கு ‘வடிசாலை’ என்ற நல்ல சொல் இலங்கைத் தமிழில் இருக்கிறது. பீர் செய்வது பீர் ஆலை. மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டினால் முதலில் குழம்புவது பூனையின் வேலைதான். ஸ்காட்லாந்தின் கிளென்டரட் வடிசாலையில் 1963 முதல் 1987 வரை வாழ்ந்த டவ்சர் என்ற பூனை 28,899 எலிகளைப் பிடித்ததாகக் கின்னஸ் பதிவு உண்டு. அங்கே வாற்கோதுமை குவிந்துகிடக்கும், எலியும் வரும். ஒயின் ஆலையில் தானியமே கிடையாது. அங்குள்ள பூனை காவல் காப்பது அட்டைப்பெட்டிகளையும் முகப்புச் சீட்டுக் கட்டுகளையும் ரப்பர் குழாய்களையும். வெளியே போனால், கொடியின் அடிப்பட்டையைச் சுற்றிக் கடித்துக் கொடியையே சாகடிக்கும் வயலெலிகளிடமிருந்து தோட்டத்தை. டவ்சரை ‘மது ஆலைப் பூனை’ என்று எழுதி, அடுத்த பத்தியிலேயே ஒயினைப் பற்றிப் பேசும் கட்டுரைகள் இந்தச் சொல்லின் கைங்கரியம்.

‘திராட்சைத் தோட்ட நாய்’ தவறான சொல் அல்ல. அது வேறு நாய். பழம் கனியும் நாளில் பறவைக் கூட்டத்தைக் கலைப்பது, மானை விரட்டுவது எல்லாம் அதன் வேலை. கலிஃபோர்னியாவில் கொடிகளைத் தாக்கும் மாவுப்பூச்சியைக் கண்டுபிடிக்கவே நாய்களைப் பழக்கியிருக்கிறார்கள். பெண்பூச்சி விடும் மணத்தை நாய் மோப்பம் பிடித்துவிட்டால், அந்தக் கொடியை மட்டும் கவனித்தால் போதும், தோட்டம் முழுக்க மருந்தடிக்க வேண்டாம். கூரைக்குள் வந்துவிட்டால் கதை வேறு. சிலியில் பீப்பாய் செய்யும் டிஎன் கூப்பர்ஸ் நிறுவனம் லாப்ரடார் நாய்களுக்கு டிசிஏ என்ற வேதிப்பொருளின் வாடையைப் பழக்கியிருக்கிறது. ஒயினில் ஈர அட்டைப் பூஞ்சை நாற்றம் வருவது இதனால்தான்; லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே ஒயின் கெட்டது. அது தக்கையில்தான் இருக்கும் என்றில்லை, மரத்திலும் ஆலையின் மூலைமுடுக்கிலும் இருக்கலாம். அந்த மூலையைக் காட்டுவது நாய். இதைத் ‘தோட்ட நாய்’ என்று எழுதினால் என்ன விளங்கும்?

ஆபத்துகளும் இடத்துக்கு இடம் மாறும். திராட்சை நாய்க்கு நஞ்சு, சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கலாம் என்ற விளக்கம் 2021-இல் வந்தது. தோட்டத்தில் உதிர்ந்த பழம் ஆபத்து என்றால், ஆலையில் பிழிந்து கொட்டிய சக்கை ஆபத்து. நொதிக்கும்போது கிளம்பும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானதால் நிலவறையின் தரையோடு தேங்கும். மனிதன் மூக்கு உயரத்தில் இருக்கிறது. நாயின் மூக்கு தரைக்கருகில்.

எல்லாவற்றையும்விட என்னைப் படுத்துவது ‘ஒயின் ஆலைச் செல்லப்பிராணிகள்’ என்ற தலைப்பு. கொஞ்சினால் செல்லப்பிராணி, சம்பளமில்லாமல் இரவெல்லாம் எலி பிடிப்பதற்குமா அந்தப் பெயர்? அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதிகளைப் பாருங்கள். உணவு தயாரிக்கும் இடத்தில் பூச்சி, எலி, பறவை எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டு, காவல் நாய், வழிகாட்டி நாய், பூச்சி கண்டறியும் நாய் ஆகியவற்றை மாசுபடும் வாய்ப்பில்லாத பகுதிகளில் விடலாம் என்று விலக்குத் தருகிறார்கள். சட்டமே வேலையைப் பார்த்துத்தான் பெயர் சொல்கிறது. பூனைக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை என்பது தனி வருத்தம். நம் மொழிபெயர்ப்பாளர்களோ அசல் வரியில் வேலை என்ற சொல் இருந்தாலும் அதை விழுங்கிவிட்டு ‘அழகிய’, ‘குறும்புக்கார’ என்று அடைமொழிகளை அள்ளி இறைக்கிறார்கள். அடைமொழி எழுதச் சிந்திக்க வேண்டியதில்லை அல்லவா?

ஆகவே ஒயின் ஆலை நாய், ஒயின் ஆலைப் பூனை. முதல்முறை முழுதாக எழுதிவிட்டால் பிறகு ஆலைநாய், ஆலைப்பூனை என்றே போகலாம். பூனைக்கு முன் ‘ப்’ மிகும், நாய்க்கு முன் மிகாது. ‘ஒயினாலை’ என்று சேர்த்து மட்டும் எழுத வேண்டாம். ‘ஒயினால்’ என்று கண் தடுக்கும்.

மதுக்கூடக் கட்சிக்காரர்களிடம் ஒரேயொரு வலுவான வாதம் இருக்கிறது. பல ஆலைகளில் வருகிறவர்கள் ஒயினைச் சுவைத்துப் பார்க்க ஓர் அறை உண்டு, நாய் பெரும்பாலும் அங்கேதான் படுத்திருக்கும், அது மதுக்கூடம்தானே என்பார்கள். அந்த அறைக்குச் ‘சுவைப்பறை’ என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். விருந்தாளியை வரவேற்பதும் ஆலைநாயின் வேலைகளில் ஒன்று. அறை மாறியதற்காக நாயின் பெயரை மாற்ற வேண்டியதில்லை.