சோப்பு நுரையும் பித்தளை நட்டும்

பினாங்கு ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீடு. ஒரே வருடத்தில் ஏர்கோனுக்கு மூன்று தடவை கேஸ் ஊற்றியாகிவிட்டது. "கேஸ் அவ்வளவு சீக்கிரமா முடிஞ்சிடும், தம்பி?" என்று வீட்டுக்கார அக்கா கேட்டார். முடியாது. அது காருக்கு ஊற்றும் பெட்ரோல் இல்லை, எரிந்து தீர்ந்துபோக. குறைந்தால் எங்கோ கசிகிறது, அவ்வளவுதான்.

வெளி யூனிட்டில் செம்புக் குழாயைப் பிடித்திருக்கும் பித்தளை நட்டைத் துடைத்துப் பார்த்தேன். நீளவாக்கில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல், ஓரத்தில் நீலப்பச்சைக் கறை. அந்த மூன்றில் முதல் தடவை கேஸ் ஊற்றியவன் நான்தான். கசிவு தேடப் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து எல்லா நட்டிலும் தடவிவிட்டு, துடைக்காமல் இறங்கி வந்தவனும் நான்தான்.

பித்தளைக்கு அமோனியா ஆகாது. அதிலும் இறுக்கத்தில் இருக்கும் பித்தளை, ஈரமும் அமோனியாவும் சேர்ந்தால் தானாக விரிசல் விடும். பிரிட்டிஷார் காலத்து இந்தியாவில் மழைக்காலம் முழுக்கக் குதிரை லாயத்தில் வைத்திருந்த துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள், யாரும் சுடாமலே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அமோனியாவும், கூட்டை இழுத்து வடித்தபோது உலோகத்துக்குள் தங்கிப்போன இறுக்கமும்தான் காரணம் என்று 1921இல்தான் விளக்கம் கிடைத்தது. லாயத்துக்குப் பதில் இங்கே சோப்புத் தண்ணீர். சோப்பில் அமோனியா இருக்கலாம். உப்பும் இருக்கலாம், அது ஈரத்தை இழுக்கும், குழாய் குளிர்ந்ததும் அந்த ஈரம் உறையும். பொருத்தும் கையேடுகள் சிலவற்றில் 'சோப்புத் தண்ணீர் வேண்டாம்' என்று அச்சிட்டே இருக்கிறது. நாம்தான் பெட்டியோடு அதையும் எறிந்துவிடுகிறோம்.

சோப்பின் மேல் மட்டும் பழி போட மாட்டேன். ஆர்410ஏ என்ற ஏர்கோன் கேஸின் அழுத்தம் பழைய ஆர்22 கேஸைப் போல ஏறக்குறைய 1.6 மடங்கு. அதனால் நட்டையும் கூடுதலாக இறுக்க வேண்டும் என்று நினைத்துப் பையன்கள் ஸ்பேனரில் தொங்குகிறார்கள். நானும் தொங்கியிருக்கிறேன். கால் அங்குலக் குழாய்க்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர் இறுக்கம், 3/8 அங்குலத்துக்கு 34 முதல் 42 வரை போதும். அளவு பார்த்து இறுக்கும் டார்க் ஸ்பேனர் விலைதான், ஆனால் மூன்று தடவை மாடி ஏறுவதைவிட மலிவு.

இப்போது கசிவு பார்க்க அதற்கென்று விற்கும் திரவம்தான் வைத்திருக்கிறேன். பார்த்து முடித்ததும் துடைத்துவிடுவேன். கறை பிடித்த நட்டைத் திரும்பப் போடுவதில்லை. குழாயை வெட்டி, முனையைப் புதிதாக விரித்து, புது நட்.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். கேஸ் குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால், "எங்கே கசியுது, காட்டுங்க" என்று கேளுங்கள். காட்டாமல் ஊற்ற விடாதீர்கள். அந்த அக்காவிடம் நான் கூலி வாங்கவில்லை. புது நட்டுக்கும் கேஸுக்கும் மட்டும் வாங்கினேன்.