ஜெர்மன் மொழியில் எத்தனை 'ஏன்'?

ஜெர்மன் படிக்கத் தொடங்கிய சில வாரங்களிலேயே 'வாரும்' என்ற சொல் வந்துவிடும். பொருள் 'ஏன்'. அழுத்தம் 'ரும்' மேல் விழ வேண்டும். கொஞ்ச நாளில் 'வீஸோ' வரும், அதற்கும் பொருள் 'ஏன்'. அப்புறம் 'வெஸ்ஹல்ப்', 'வெஸ்வேகன்'. அவையும் 'ஏன்' தான். கடைசியாக 'வோட்ஸூ' வந்து சேரும்போது அதையும் 'ஏன்' என்றே பலர் நோட்டில் குறித்துக்கொள்கிறார்கள். சிக்கல் இந்தக் கடைசிச் சொல்லில்தான். முதல் நான்கில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டுக் கேட்டால் பெரும்பாலும் தப்பாகாது. வோட்ஸூவை அப்படிப் போட முடியாது.

முதலில் அந்த நான்கும் எப்படிப் பிறந்தன என்று பார்க்கலாம். வாரும் இரண்டு துண்டுகளால் ஆனது. 'வார்' என்பது 'எங்கே' என்பதன் பழைய வடிவம், இன்றைக்கு அது 'வோ' ஆகிவிட்டது. 'உம்' என்றால் சுற்றி, பொருட்டு. 1050 முதல் 1350 வரையிலான இடைக்கால உயர் ஜெர்மனில் இதை 'வார் உம்பெ' என்று இரண்டு சொல்லாகவே எழுதினார்கள். எதன் பொருட்டு என்ற அந்தக் கேள்விதான் சுருங்கி ஏன் ஆனது. இதன் ஜோடி 'டாரும்', அதாவது 'அதனால்'. ஓயாமல் "வாரும்? வாரும்?" என்று கேட்கும் குழந்தையிடம் ஜெர்மன் பெற்றோர் "டாரும்!" என்று முடித்துவிடுவார்கள். நம் வீடுகளில் அந்த இடத்தில் "அது அப்படித்தான்!" வரும்.

வெஸ்ஹல்ப் கொஞ்சம் குழப்பும். 'ஹல்ப்' என்றால் இன்றைய ஜெர்மனில் பாதி. ஏன் என்ற கேள்விக்குள் பாதி எப்படி வந்தது? பழைய உயர் ஜெர்மனில், அதாவது ஏறத்தாழ 750 முதல் 1050 வரை, 'ஹல்பா' என்ற சொல்லுக்குப் பக்கம், திசை என்று பொருள். அதற்கு முன்னால் நிற்கும் 'வெஸ்' என்பது 'எதனுடைய' என்ற ஆறாம் வேற்றுமை வடிவம். ஆக, எதன் பக்கத்திலிருந்து, எந்தக் காரணத்தால் என்பது வேர்ப்பொருள். உள்ளே என்று பொருள்படும் 'இன்னர்ஹல்ப்', வெளியே என்று பொருள்படும் 'அவுஸர்ஹல்ப்' இரண்டிலும் இருப்பது இதே 'பக்கம்' தான். வெஸ்வேகனில் உள்ள 'வேகன்' வழியைக் குறிக்கும் 'வேக்' என்ற சொல்லிலிருந்து வந்தது. இன்று அது தனியாக நின்றால் 'காரணமாக' என்று பொருள். வீஸோ மிக எளிது. 'வீ' எப்படி, 'ஸோ' அப்படி. இரண்டையும் சேர்த்தால் நம் 'அதெப்படி?'க்குப் பக்கத்தில் வந்துவிடும்.

எல்லாமே 'வ'வில் தொடங்குவதைக் கவனித்திருப்பீர்கள். இவற்றை ஜெர்மானியர்கள் 'வே' (W) எழுத்துக் கேள்விகள் என்றே அழைக்கிறார்கள். இந்த 'வ'வும் சமஸ்கிருத, இந்திக் கேள்விச் சொற்களின் 'க'வும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. தமிழில் எது, எங்கே, எப்படி, எதற்கு என்று 'எ' செய்கிற வேலையை அங்கே இது செய்கிறது.

நான்குக்கும் இடையில் உள்ள வேறுபாடு பெரும்பாலும் தொனிதான். வாரும் எங்கும் செல்லும். வீஸோ பேச்சுக்கு உரியது, அதில் கொஞ்சம் வியப்பு கலந்திருக்கும். "நாளைக்கு நான் வரமாட்டேன்" என்று ஒருவர் சொன்னதும் "வீஸோ?" என்று கேட்டால், "ஏன், என்ன ஆச்சு?" என்பது போல. வெஸ்ஹல்ப்பும் வெஸ்வேகனும் எழுத்துக்குப் பொருந்தும். தமிழில் இவற்றுக்கு 'எதனால்', 'என்ன காரணத்தால்' என்று எழுதுவதே சரி என்பேன். இந்த இரண்டுக்கும் கூடுதலாக ஒரு வேலை உண்டு. 'எஸ் ரேக்னெட்டே, வெஸ்ஹல்ப் டாஸ் ஷ்பீல் அவுஸ்ஃபீல்' என்றால் 'மழை பெய்தது, அதனால் ஆட்டம் நடக்கவில்லை' என்று பொருள். கேள்விச் சொல்லே இணைப்புச் சொல்லாகிவிடுகிறது. இந்த இடத்தில் வீஸோ ஒட்டாது.

சரி, வோட்ஸூவுக்கு வருவோம். 'ட்ஸூ' என்றால் நம் நான்காம் வேற்றுமை 'கு' போல. எனவே வோட்ஸூ என்பது எதற்கு, என்ன நோக்கத்துக்கு. "வாரும் லேர்ன்ஸ்ட் டூ டொய்ச்?", அதாவது நீ ஏன் ஜெர்மன் படிக்கிறாய் என்று கேட்டால் "என் மனைவி கொலோன்காரி, அதனால்தான்" என்று, 'ஏனென்றால்' என்று பொருள்படும் 'வைல்' போட்டுக் காரணம் சொல்லலாம். "வோட்ஸூ லேர்ன்ஸ்ட் டூ டொய்ச்?" என்று கேட்டால் எதிர்பார்ப்பது நோக்கம்: "உம் இன் பெர்லின் ட்ஸூ ஆர்பைட்டன்", பெர்லினில் வேலை செய்வதற்கு. காரணம் பின்னால் இருப்பது, நோக்கம் முன்னால் இருப்பது. வாரும் இரண்டையும் கேட்கும், வோட்ஸூ முன்னால் இருப்பதை மட்டும் கேட்கும்.

எழுத்துத் தமிழில் எதனால், எதற்கு என்று இந்தப் பிரிவு தெளிவாகவே இருக்கிறது. பேச்சில்தான் நாம் அதைக் கலைத்துவிட்டோம். "எதுக்கு அழறே?" என்று கேட்கிறோம், "நேத்து எதுக்கு வரல?" என்றும் கேட்கிறோம். இரண்டிலும் நாம் கேட்பது காரணம். இதை அப்படியே தூக்கி "வோட்ஸூ வைன்ஸ்ட் டூ?" என்று ஜெர்மனில் கேட்டால், அழுது என்ன சாதிக்கப் பார்க்கிறாய் என்று கேட்டதாகிவிடும். அழுகிறவரிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. அங்கே வாரும்தான் வேண்டும். ஆனால் சலிப்போடு "இதெல்லாம் எதுக்கு?" என்கிறோமே, அது மட்டும் அச்சாக ஒத்துவரும்: "வோட்ஸூ டாஸ் கன்ட்ஸே?"

வோட்ஸூவின் பக்கத்து வீடு 'வோஃப்யூர்', எதற்காக. ஒரு பொருள் எதற்குத் தேவை என்று கேட்க இரண்டில் எதுவும் ஆகும். ஆளைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் 'ஃப்யூர் வேன்' என்று மாற்ற வேண்டும், நாம் 'யாருக்காக' என்று மாற்றுவது போலவே.

இன்னும் இரண்டு இடத்தில் கால் இடறும். "உனக்கு எப்படித் தெரியும்?" என்பதை 'எப்படி'க்கு உரிய 'வீ' போட்டுச் சொல்லத் தோன்றும். ஜெர்மனில் அது "வோஹேர் வைஸ்ட் டூ டாஸ்?", அதாவது எங்கிருந்து தெரியும். மற்றொன்று 'வோரும்'. இதுவும் வோவும் உம்மும் சேர்ந்ததுதான், வாரும் என்பதன் உடன்பிறப்பு. ஆனால் பொருள் 'எதைப் பற்றி'. ஒரு டாக்டரின் கிளினிக்குக்குப் போன் செய்தால் வரவேற்பில் இருப்பவர் "வோரும் கேட் எஸ்?" என்பார். என்ன விஷயமாகக் கூப்பிடுகிறீர்கள் என்பது அதன் பொருள். அதை வாரும் என்று காதில் வாங்கினால், ஏன் கூப்பிட்டாய் என்று கடிந்துகொண்டதாகத் தோன்றிவிடும். "எஸ் கேட் உம் ஐனன் டெர்மீன்" என்று பதில் சொன்னால் போதும்: அப்பாயின்ட்மென்ட் விஷயமாக. கேள்வியில் இருந்த 'உம்' பதிலிலும் வருகிறது, பாருங்கள்.

தொனி பற்றி இன்னொன்று. மொட்டையாக வாரும் என்று தொடங்கும் கேள்வி சில நேரம் விசாரணை போல ஒலிக்கும். நடுவில் 'டென்' என்ற சின்னச் சொல்லைச் சேர்த்தால் குரல் தணியும். "வாரும் கொம்ஸ்ட் டூ டென் நிஷ்ட்?" என்பது "ஏம்ப்பா வரல?" என்பதற்கு நெருக்கம்.

நண்பர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால் "வாஸ் லாக்ஸ்ட் டூ?" என்றும் காதில் விழும். 'வாஸ்' என்றால் என்ன. சொல்லுக்குச் சொல் பார்த்தால் "என்ன சிரிக்கிறே?" தமிழில் அதற்கு "ஏன் சிரிக்கிறே?" என்று பொருள் கொள்வது போலவே ஜெர்மனிலும் கொள்கிறார்கள். பேச்சில் தாராளமாகப் பயன்படுத்தலாம். தேர்வுத் தாளில் வாரும் என்றே எழுதுங்கள்.