நைஃப், நாட், நைட்: அந்த சைலண்ட் 'கே' எங்கேருந்து வந்துச்சு?

இங்கிலீஷ்ல கே, என் ரெண்டும் சேர்ந்து ஆரம்பிக்கிற வார்த்தைங்க ஒரு கூட்டமே இருக்கு. கத்திக்கு நைஃப், முழங்காலுக்கு நீ, முடிச்சுக்கு நாட், கதவைத் தட்டுறதுக்கு நாக், மாவு பிசையறதுக்கு நீட், தெரிஞ்சுக்கிறதுக்கு நோ, செஸ்ல குதிரைக்கு நைட். ஸ்கூல்ல இதெல்லாம் சைலண்ட் கேன்னு சொல்லிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிடுவாங்க, ஆனா ஒரு காலத்துல அந்த கே-யை எல்லாரும் வாய் நிறைய சொல்லிட்டுதான் இருந்தாங்க.

பழைய இங்கிலீஷ்ல இதை சி, என் ரெண்டையும் சேர்த்து எழுதுவாங்க, உச்சரிப்பு 'க்ன'. முடிச்சு க்னொட்டா, அறியறது க்னாவன். 1066-ல பிரான்ஸ்லேருந்து நார்மன்காரங்க வந்து இங்கிலாந்தைப் பிடிச்சப்புறம் பிரெஞ்சுப் பழக்கத்துல எழுதினவங்க சி-யை எடுத்துட்டு கே போட்டாங்க, 1476-ல இங்கிலாந்தோட முதல் அச்சுக்காரர் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டர்ல அச்சுக்கூடம் வச்சப்போகூட அந்தச் சத்தம் இருந்துச்சு, அப்புறம் ஸ்பெல்லிங் அச்சுல கெட்டியாயிடுச்சு, 17ஆம் நூற்றாண்டு வாக்குல பேச்சுலேருந்து 'க்' மட்டும் உதிர்ந்துடுச்சு. ஜெர்மன்காரங்க முழங்காலை இன்னும் 'க்னீ'ன்னுதான் சொல்றாங்க. பிரெஞ்சுல பேனாக்கத்திக்கு 'கனிஃப்'னு பேரு, அதுவும் நைஃப்போட சொந்தக்கார வார்த்தைதான், 'க்ன' வாயில வராம நடுவுல ஒரு அகரத்தை சொருகிக்கிட்டாங்க. 1016-லேருந்து 1035 வரைக்கும் இங்கிலாந்தை ஆண்ட டேனிஷ் ராஜா க்னுட், கனூட்னு ஆனதும் இப்படித்தான்.

இந்த 'க்' நம்ம பக்கமும் வந்து தொடுது. 1822-ல ஜெர்மன் மொழி ஆராய்ச்சியாளர் ஜேக்கப் கிரிம் விளக்கின விதிப்படி, இங்கிலீஷுக்கும் சமஸ்கிருதத்துக்கும் பொதுவான மூலமொழியில, 'கங்கை'யோட முதல் எழுத்து மாதிரி 'க'வை அழுத்தி சொன்ன சத்தம் ஜெர்மானிய மொழிகள்ல மெல்லிசா 'க்'னு மாறிச்சு, சமஸ்கிருதத்துல அதே சத்தம் 'ஜ' ஆச்சு. அதனால நோ-வும் ஞானமும் ஒரே வேர், ரெண்டுக்கும் நல்ல தமிழ் அறிவு. நீ-யும் ஜானுவும் ஒரே வேர். ஆள் நெடுநெடுன்னு இருந்தா ஆஜானுபாகுவா இருக்கான்னு சொல்றோம் இல்லையா, அதுக்கு நேர் அர்த்தம் முழங்கால் வரைக்கும் நீண்ட கை உள்ளவன், நடுவுல இருக்கிற ஜானுதான் அந்த முழங்கால். இதுக்கும் தமிழ் இருக்கு, புறநானூறு 59ஆம் பாட்டு பாண்டியனை 'தாள்தோய் தடக்கை'ன்னு சொல்லுது. தாள்னா இங்க முழந்தாள். இவ்வளவு அழகான சொல்லை நாம புழங்காம விட்டது எனக்கு ரொம்பவே வருத்தம்.

இந்தக் கூட்டத்துல எனக்குப் பிடிச்சது நைட்தான். பழைய 'க்னிஹ்ட்'டுக்கு அர்த்தம் வீரன் கிடையாது, வெறும் பையன். அப்புறம் வேலைக்காரப் பையன், அப்புறம் ராஜா கூட ஆயுதத்தோட போறவன், கடைசியில கவசம் போட்டு குதிரையில வர்ற பெரிய மனுஷன். ஜெர்மன்ல இதே வார்த்தை 'க்னெஹ்ட்', அங்க அது பண்ணையாளாவே நின்னுடுச்சு. இதுக்கு நேரெதிர் நேவ், அதுவும் பையன்னுதான் ஆரம்பிச்சுது, ஆனா போக்கிரின்னு கீழ இறங்கிடுச்சு, சீட்டுக்கட்டுல ஜாக்கிக்கு பழைய பேரும் அதான்.

தமிழ்ல நைட்டுக்கு வீரன்னு மட்டும் போட்டா பாதி அர்த்தம் போயிடுது, ஏன்னா யாருக்கோ கட்டுப்பட்டு சண்டை போடுறவன்ங்கிறது அதுல வராது. சேவகன்னு பாருங்க, வேலைக்காரன்னும் அர்த்தம், போர்வீரன்னும் அர்த்தம், க்னிஹ்ட் நடந்த அதே பாதை. வடமொழியிலேருந்து வந்த சொல்தான், ஆனா நம்மகிட்ட ரொம்பக் காலமா இருக்கு. நரியைப் பரியாக்கின கதையில குதிரையேறி வர்ற சிவனுக்கே குதிரைச் சேவகன்னு பேரு இருக்கு. ஐரோப்பா வரலாறு எழுதுறவங்க தாராளமா குதிரைச் சேவகன்னு எழுதலாம், தனித்தமிழ்தான் வேணும்னா குதிரைவீரன். இப்போ பிரிட்டன்ல குடுக்கிற பட்டத்துக்கு இது பொருந்தாது, அதை நைட் பட்டம்னே விட்டுடலாம்.

செஸ்ல குறிப்பு எழுதும்போது ராஜாவுக்கு கே போயிடுறதால குதிரைக்கு என் மட்டும்தான் போடுறாங்க, அங்க காதுக்குக் கேக்குற மாதிரியே எழுத்தும் ஆயிடுச்சு.