பில் போர்ம் ஏன் இழுக்கிறது?

புறக்கோட்டை மொத்த வியாபாரக் கடைகளின் மேல்மாடிக் கந்தோர்களில் மைக்ரோசொப்டின் டேட்டாபேஸ் (தரவுத்தள) மென்பொருளான அக்சஸில் எழுதிய பில் புரோகிராம்கள் இன்றைக்கும் ஓடுகின்றன. 1992இல் வெளிவந்த அக்சஸ், சின்னக் கடைக்கு நன்றாகவே உழைக்கும். ஆனால் பில்கள் சேரச் சேர, முன்பு பட்டென்று திறந்த போர்ம், அதாவது பில்லைப் பார்க்கும், அடிக்கும் திரை, ஆளைக் காத்து நிற்க வைக்கிறது. “முதலாளி, சிஸ்டம் இழுக்குது” என்றதும் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குப் போய் ரேம் வாங்கி வந்து போடுவார்கள். பெரிதாக ஒன்றும் மாறாது. பல மேசைகளில் ஓடும் அக்சஸில் நேரத்தை விழுங்குவது பெரும்பாலும் நெட்வேர்க் வயர்தான்.

எஸ்கியூஎல் சேர்வர் போன்ற டேட்டாபேஸில் மறுமுனையில் ஒரு புரோகிராம் வேலை செய்துகொண்டிருக்கும். இந்த இலக்க பில் வேண்டும் என்று கேட்டால், தேடி எடுத்து அதை மட்டும் அனுப்பும். அக்சஸில் மறுமுனையில் இருப்பது வெறும் பைல். தேடும் எஞ்சின் நம்முடைய மேசைக் கொம்பியூட்டரில் இருக்கிறது. ஆள் இல்லாத கிட்டங்கியில் ஒரு துணிப் பேலைத் தேட, எல்லாப் பேலையும் கடைக்கு இறக்கிப் பிரித்துப் பார்ப்பது போன்ற வேலை அது.

கணக்குப் பார்ப்போம். அக்சஸ் 4 கிலோபைட் பக்கங்களாகப் படிக்கும். ஒரு பில்லுக்கு 400 பைட் என்று வைத்தால், பக்கத்துக்குப் பத்து பில். 60,000 பில் இருந்தால் 6,000 பக்கம், கிட்டத்தட்ட 24 மெகாபைட். 100 மெகாபிட் வயரில், வேறு யாரும் வேலை செய்யாத நேரத்திலேயே இதற்கு 2 செக்கன் பிடிக்கும். நாலு மேசையில் ஒரே நேரத்தில் கேட்டால்?

தேடுகிற களத்துக்கு (பில் இலக்கம், திகதி போன்ற பகுதிக்கு) இண்டெக்ஸ், அதாவது எது எங்கே இருக்கிறது என்று காட்டும் குறிப்பு, இருந்தால் கதை வேறு. இண்டெக்ஸ் கிளைவிட்டுப் போகும் மரம். உச்சியில் தொடங்கி இரண்டு மூன்று கிளை இறங்கினால் பில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். நாலைந்து பக்கம் வந்தால் போதும், 20 கிலோபைட் அளவு. ஆனால் இண்டெக்ஸைப் போட்டுவிட்டு அதைப் பயன்படுத்த முடியாதபடி கேள்வி கேட்பவர்கள் நிறையப் பேர். திகதிக் களத்தை, வருடத்தை மட்டும் பிரித்தெடுக்கும் ‘இயர்’ பங்சனுக்குள் போட்டு 2023 என்று தேடினால், எஞ்சின் ஒவ்வொரு திகதியையும் எடுத்து வருடத்தைக் கணக்கிட்டுத்தான் பார்க்கும். 2023 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை என்று எல்லை கொடுத்தால் இண்டெக்ஸ் வேலை செய்யும். பெயரின் நடுவில் வரும் எழுத்தை வைத்துத் தேடினாலும் இதே கஷ்டம்தான். முதல் எழுத்திலிருந்து தேடுங்கள்.

அப்புறம் போர்ம். ஒரு பில்லைப் பார்க்கத்தான் திறக்கிறோம், ஆனால் போர்முக்குப் பின்னால் முழு டேபிளும், அதாவது எல்லா பில்லும் உள்ள அட்டவணையும், கட்டப்பட்டிருக்கும். போர்மை வெறுமையாகத் திறந்து, பில் இலக்கத்தை அடித்த பிறகு அந்த ஒன்றை மட்டும் வரவழையுங்கள். நான் முதலில் மாற்றச் சொல்வது இதைத்தான். அடுத்தது கொம்போ பொக்ஸ், பட்டியலை விரித்துத் தெரிவு செய்யும் பெட்டி. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு குவெரி (தரவைக் கேட்கும் கட்டளை) ஓடும். ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர் பெயர் கொண்ட கொம்போவுக்கு, இரண்டு மூன்று எழுத்து அடித்த பிறகே பட்டியலைக் கொடுக்கலாம். போர்முக்குள் வைக்கும் சின்னப் போர்ம்களான சப்போர்ம்கள் பிரதான போர்முக்கு முன்பே ஏறிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. நாலு டப்பில் நாலு சப்போர்ம் வைத்திருந்தால், யாரும் தொடாத மூன்றுக்கும் சேர்த்துத்தான் காத்திருக்கிறோம். டப்பைக் கிளிக் செய்யும்போது மட்டும் ஏற்றினால் போதும்.

வரிசையாகப் பில்களைக் காட்டும் போர்மில் ‘டிலுக்கப்’ (வேறு டேபிளிலிருந்து ஒரு மதிப்பைத் தேடி எடுக்கும் பங்சன்) போடுவது தனிக் கொடுமை. திரையில் 30 வரி, வரிக்கு இரண்டு டிலுக்கப் என்றால் 60 தனித்தனித் தேடல். அந்த டேபிளைக் குவெரியிலேயே இணைத்துவிட்டால் ஒரே தேடலில் முடியும்.

செலவே இல்லாத வைத்தியம் ஒன்றும் உண்டு. தரவு உள்ள பொது பைலை முதல் ஆள் திறக்கும்போது, யார் யார் திறந்திருக்கிறார்கள் என்று குறிக்கும் ஒரு லொக் பைல் பக்கத்தில் உருவாகும், கடைசி ஆள் மூடும்போது அழியும். போர்ம்களை மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் இது திரும்பத் திரும்ப நடந்தால் நேரம் வீணாகும். பொது பைலில் உள்ள ஒரு சின்ன டேபிளோடு கட்டிய மறைவான போர்ம் ஒன்றைக் காலையில் திறந்து, வேலை முடியும் வரை அப்படியே விடுங்கள்.

போர்ம்கள் உள்ள பைலை ஒவ்வொரு மேசையிலும் தனித்தனிப் பிரதியாக வையுங்கள். தரவு மட்டும் பொது இடத்தில் இருக்கட்டும். வைபையில் இதை ஓட்டவே வேண்டாம். எழுதும் நடுவில் தொடர்பு அறுந்தால் பைலே பழுதாகலாம்.

ஒரு பைல் 2 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. அதை நெருங்கும் கடைகள் தரவை எஸ்கியூஎல் சேர்வருக்கு மாற்றி, போர்ம்களை அக்சஸிலேயே வைத்திருக்கலாம். ஆனால் முழு டேபிளையும் கேட்கும் போர்ம் அங்கே போனாலும் முழு டேபிளையும்தான் கேட்கும். அதனால் போர்மைத் திருத்திவிட்டு மாறுங்கள்.