தேனிலவு, தீவு, ‘ஆல் இன்க்ளூசிவ்’: சொல் விளக்கம்

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை என்று எங்கே போனாலும் முகூர்த்த மாதங்களில் பயண முகவர்களின் கடைப்பலகையில் இப்படி ஒரு வரி இருக்கும்: ‘மாலத்தீவு ரிசார்ட், 4 இரவு 5 பகல், ஆல் இன்க்ளூசிவ் ஹனிமூன் பேக்கேஜ்’. இதில் ஹனிமூனுக்குத் தமிழ் கிடைத்து நிலைத்தும் விட்டது. ரிசார்ட்டுக்குப் பாதி கிடைத்திருக்கிறது. ‘ஆல் இன்க்ளூசிவ்’ என்பதற்கு இப்போது வழங்கும் தமிழோ பொருளையே மாற்றிவிடுகிறது. அந்தப் பிசகு கடைசி நாள் பில்லில் டாலராக வந்து நிற்கிறது. அதனால் அதைத்தான் இங்கே விரிவாகப் பார்க்க வேண்டும். முதலில் தேனிலவு.

‘ஹனிமூன்’ என்ற சொல் ஆங்கில அச்சில் 1546 முதல் கிடைக்கிறது. அப்போது அதற்கும் பயணத்துக்கும் சம்பந்தம் இல்லை. மணமான முதல் மாதத்துக்கு அது பெயர். தேன் போல இனிக்கும், நிலவு போலத் தேயவும் செய்யும் என்பது பழைய விளக்கம். மணமக்கள் ஒரு மாதம் தேன்மது குடித்ததால் வந்த பெயர் என்று பரவலாகச் சொல்லப்படும் கதைக்குப் பழைய எழுத்துச் சான்று இல்லை. அதை நம்பி எழுத வேண்டாம். ஊருக்குப் போவது என்ற பொருள் பின்னால் ஏறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வசதியுள்ள புதுமணத் தம்பதிகள், கல்யாணத்துக்கு வர முடியாத உறவினர் வீடுகளுக்கு ஒரு சுற்றுப் போய் வந்தார்கள். மறுவீடு முடிந்ததும் பெரியப்பா வீடு, அத்தை வீடு என்று விருந்துக்குப் போகிற நம் வழக்கத்துக்கு அது வெகு அருகில் இருக்கிறது.

தமிழில் ‘தேனிலவு’ ஆங்கிலச் சொல்லைப் பார்த்து அமைந்த மொழிபெயர்ப்பு. மலையாளத்தில் மதுவிது, கன்னடத்தில் மதுசந்திர, வங்காளத்தில் மதுசந்திரிமா. எல்லாரும் தேனையும் சந்திரனையும்தான் சேர்த்தார்கள். ஆனால் ஆங்கிலச் சொல்லில் உள்ள நிலவு, மாதத்தைக் குறிக்க வந்தது. தமிழில் நிலவையும் மாதத்தையும் ஒருசேரக் குறிக்கும் சொல் ‘திங்கள்’. அதைச் சேர்த்திருந்தால் பொருள் துல்லியமாக வந்திருக்கும். ஆனால் புணர்ச்சியில் ‘தேன்றிங்கள்’ ஆகி வாயில் நுழைந்திருக்காது. நிலவு ஜெயித்ததில் நமக்குக் குறை இல்லை.

எழுதும்போது தேனிலவு என்றே எழுத வேண்டும். னகர மெய்யின் பின் வரும் நகரம் னகரமாகத் திரியும். முன்னே நெடில் இருந்தால் னகர மெய் கெடும். வான் + நிலை வானிலை ஆவதும் இந்த விதிப்படிதான். ‘தேன்நிலவு’ என்று சேர்த்து எழுதுவது பிழை. ‘தேநிலவு’ என்றால் அது தேநீர் குடிக்கிற நிலவாகிவிடும்.

இதே புணர்ச்சிக்கு ஆயிரம் ஆண்டுப் பழைய சான்று ஒன்று தஞ்சைப் பெரிய கோயில் கல்லிலேயே இருக்கிறது. கடாரப் படையெடுப்பில் (கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா) வென்ற இடங்களை அடுக்கும் முதலாம் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் மன்னன் புகழைச் சொல்லும் பகுதி, நிக்கோபாரை ‘தேனக்க வார்பொழில் மாநக்கவாரம்’ என்கிறது. தேன் + நக்க, தேனக்க. ஒரு தீவின் பெயருக்கு முன்னால் தேனைக் கொண்டுவந்து வைத்த அடைமொழி. அவன் தந்தை ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் வரும் ‘முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரமும்’ மாலத்தீவுகள்தான் என்பது வரலாற்றாசிரியர்கள் பொதுவாக ஏற்கும் கருத்து. பன்னீராயிரம் என்பது கவிதைக் கணக்கு. இன்று எண்ணப்படும் தீவுகள் சுமார் 1,190. அவை 26 இயற்கை வளையங்களாகக் கடலில் கிடக்கின்றன. அந்த வளையத்துக்கு ஆங்கிலம் தரும் ‘அட்டோல்’ என்ற பெயர் மாலத்தீவின் திவெஹி மொழியில் இருந்து போனது. நமக்குப் ‘பவளத்தீவு வளையம்’ போதும்.

தீவுக்கு டெல்டாவின் சொந்தச் சொல்லும் உண்டு: துருத்தி. ஆறு இரண்டாகப் பிரிந்து சூழ நடுவில் நிற்கும் மேடு, அதாவது ஆற்றிடைக்குறை. திருப்பூந்துருத்தி, குத்தாலத்தின் பழைய பெயரான திருத்துருத்தி இரண்டும் அப்படி வந்தவை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் திருவரங்கத்தின் ‘அரங்கம்’ என்பதற்கும் அதே பொருள். கடல் நடுவே இருப்பதற்கு மட்டும் தீவு என்ற சொல் நின்றது.

‘ரிசார்ட்’ பழைய பிரெஞ்சில் இருந்து வந்தது. திரும்பத் திரும்பப் போய்ச் சேரும் இடம் என்பது கருத்து. ‘ஓய்வு விடுதி’ சரியான தமிழ். ‘உல்லாச விடுதி’ என்பது கல்யாணப் பத்திரிகை வாசகர்களின் முகத்தைச் சுளிக்க வைக்கும். தவிர்க்கலாம். மாலத்தீவில் பெரும்பாலும் ஒரு தீவு முழுவதும் ஒரே விடுதியாக இருப்பதால் ‘தீவு விடுதி’ இன்னும் பொருந்தும். தண்ணீரில் கால் நட்டுக் கட்டிய ‘வாட்டர் வில்லா’வை நீர்மேல் குடில் என்றும், மணலில் இருப்பதைக் கரைக்குடில் என்றும் சொல்லலாம்.

இனி முக்கியமானது. ‘ஆல் இன்க்ளூசிவ் ரிசார்ட்’ என்பதை ‘அனைத்தையும் உள்ளடக்கிய ரிசார்ட்’ என்று விளம்பரங்களில் எழுதுகிறார்கள். இலக்கணம் சரி, பொருள் தவறு. இப்படிச் சொன்னால் அந்தத் தீவில் எல்லாம் இருக்கிறது என்றுதான் படிப்பவருக்குப் படும். நீச்சல் குளம் இருக்கிறது, ஸ்பா இருக்கிறது, படகு இருக்கிறது. இருப்பது வேறு, கட்டிய பணத்தில் அடங்குவது வேறு. ஆங்கிலச் சொல் சொல்வது கட்டணத்தைப் பற்றி. எனவே அடைமொழி விடுதிக்கு முன்னால் வரக்கூடாது, கட்டணத்துக்கு முன்னால் வர வேண்டும்: ‘அனைத்தும் உட்பட்ட கட்டணம்’. பேச்சில் ‘எல்லாம் உட்பட’.

‘உட்பட’ என்பதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. இந்த மண்ணில் நிலம் எழுதிக் கொடுத்த மொழி அது. சோழர் காலச் செப்பேடுகள் ஒரு ஊரைத் தானம் கொடுக்கும்போது ‘மேனோக்கின மரமும் கீழ்நோக்கின கிணறும்’ என்று தொடங்கி, ‘உடும்போடி ஆமை தவழ்ந்தது எப்பேர்ப்பட்டதும்’ என்று முடிக்கும். உடும்பு ஓடுகிற மேடு, ஆமை தவழுகிற பள்ளம், ஒன்று விடாமல் எல்லாம் என்று அர்த்தம். கூடவே ஊர்நத்தம், குளம், கோயில், சுடுகாடு என்று இன்னின்னது ‘நீக்கி’ என்றும் எழுதியிருக்கும். இன்றைக்கும் சார்பதிவாளர் அலுவலகப் பத்திரத்தில் ‘உட்பட’ வந்தால் ‘நீக்கி’யும் வரும். வாங்குகிறவர் இரண்டாவதைத்தான் முதலில் படிப்பார். விடுதிக் கட்டணத்தையும் அப்படித்தான் படிக்க வேண்டும். ‘ஆல்’ என்ற ஆங்கிலச் சொல் அந்த நீக்கலை மறைத்துவிடுகிறது.

கட்டண வகைகளில் ‘போர்டு’ என்று வருவது பழைய ஆங்கிலத்தில் சாப்பாட்டுப் பலகை. நம் ஊர் ‘போர்டிங் அண்டு லாட்ஜிங்’கில் உள்ள போர்டிங் அதுதான். ‘ஹாஃப் போர்டு’ இருவேளை உணவு, வழக்கமாகக் காலையும் இரவும். ‘ஃபுல் போர்டு’ மூவேளை உணவு. இரண்டிலும் பானங்கள் பெரும்பாலும் தனி. சில இடங்களில் சாப்பாட்டு மேசையில் வைக்கும் தண்ணீர் பாட்டில்கூடத் தனி. எல்லாம் உட்பட என்றால் மூவேளை உணவு, மாலைச் சிற்றுண்டி, மதுவும் மற்ற பானங்களும், அறைக் குளிர்பெட்டியில் நாளுக்கு ஒருமுறை நிரப்புவது, முகமூடி போட்டு நீந்தும் சாமான்கள், சில இடங்களில் ஒரு படகுச் சுற்று. மதுவிலும் விடுதி குறித்துவைத்த வகைகள் மட்டுமே சேர்த்தி.

நீங்கலாக நிற்பவை எவை? விமான நிலையத்தில் இருந்து தீவுக்குப் போகும் வண்டிச் செலவு பெரும்பாலும் நீங்கல். அது விரைவுப் படகாகவோ கடல்விமானமாகவோ இருக்கும். கடல்விமானம் என்றால் போகவர ஒருவருக்கு 400 டாலரைத் தாண்டுவது சாதாரணம். மணலில் மெழுகுவத்தி வைத்துத் தரும் இரவு விருந்து, தனி உணவகங்கள், ஸ்பா, ஆழ்கடல் முக்குளிப்பு, புகைப்படக்காரர் எல்லாம் நீங்கல். ‘ஹனிமூன் பேக்கேஜ்’ என்ற பெயரில் இவற்றில் ஒன்றிரண்டை உள்ளே சேர்ப்பார்கள். எது, எத்தனை முறை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வரிதான் பெரிய நீங்கல். விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி (++) இருந்தால் சேவைக் கட்டணமும் சுற்றுலா வரியும் இனிமேல்தான் சேரும் என்று பொருள். மாலத்தீவில் சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, சுற்றுலாச் சரக்கு சேவை வரி 2025 ஜூலை முதல் 17 விழுக்காடு. இரண்டையும் கூட்டி 27 என்று போடக்கூடாது. வரி, சேவைக் கட்டணம் சேர்ந்த தொகைமேல் விழும். ஓர் இரவுக்கு 400 டாலர் என்றால் சேவைக் கட்டணத்தோடு 440, அதன்மேல் வரி 74.80, ஆக 514.80. நாலு இரவுக்கு 2,059.20. பசுமை வரி வேறு இருக்கிறது. தீவு விடுதியில் 2025 ஜனவரி முதல் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். இரண்டு பேர், நாலு இரவு, 96. பலகையில் 1,600 டாலராகப் பார்த்தது, வண்டிச் செலவு சேராமலே 2,155.20 ஆகிறது. முகவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ‘எவ்வளவு?’ என்பதல்ல. ‘வரியும் வண்டியும் உட்படவா, நீங்கலாகவா?’ என்று கேளுங்கள். வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு முகவர் பிடிக்கும் டிசிஎஸ் (விற்கும்போதே வசூலிக்கும் வரி) தொகையை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அந்தச் சான்றைத் தொலைக்கக்கூடாது.

இருவரும் மது அருந்தாதவர்கள் என்றால் எல்லாம் உட்பட்ட கட்டணம் பெரும்பாலும் நஷ்டம். மூவேளை உணவுக் கட்டணத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுப்பதில் பெரும்பங்கு மதுவுக்குத்தான். குடிதண்ணீர் சேர்ந்த மூவேளை உணவுக் கட்டணம் போதும். சைவக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஊர் சம்பல்களிலும் தேங்காய்த் துருவல் கலவைகளிலும் மாசி, அதாவது உலர்த்திய சூரைமீன், பொடியாக விழுந்திருக்கும். பார்வைக்குத் தெரியாது. ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொல்லாமல் மாசியும் மீனும் முட்டையும் வேண்டாம் என்று முன்பதிவிலேயே எழுதிவிட வேண்டும்.

கடல்விமானம் பகல் வெளிச்சத்தில்தான் பறக்கும். மாலே விமான நிலையத்தில் பிற்பகல் மூன்றரைக்கு மேல் இறங்கினால் அன்று அது கிடைக்காமல் போகலாம். அந்த இரவு மாலேயிலோ ஹுல்ஹுமாலேயிலோ சொந்தச் செலவில் தங்க வேண்டும். தீவில் கட்டிய முதல் இரவும் போகும். திருச்சியில் இருந்து கொழும்பு வழியாகவோ சென்னை வழியாகவோ போகிறவர்கள் மாலேயில் இறங்கும் நேரத்தைப் பார்த்த பிறகே தீவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நேரம் ஒத்துவராவிட்டால் விரைவுப் படகு போகும் பக்கத்துத் தீவே மேல். கடல்விமானத்தில் பெட்டிக்கு 20 கிலோ, கைப்பைக்கு 5 கிலோதான் கணக்கு. பட்டுப்புடவைப் பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும்.

தேனிலவுச் சலுகை கேட்டால் திருமணச் சான்றிதழ் கேட்பார்கள். மணமாகி ஆறு மாதமோ ஓராண்டோ ஆகாதிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டியது எப்படியும் கடமை. அதைப் பயணத்துக்கு முன்பே முடித்துவிட்டால் ஒரே அலைச்சலில் இரண்டு வேலை முடியும். பயணச்சீட்டில் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். கல்யாணம் ஆனதும் கணவர் பெயரைப் பெண்ணின் சீட்டில் சேர்த்துவிட்டுக் கடவுச்சீட்டை மாற்றாமல் விடுவதால்தான் விமான நிலையத்தில் சிக்கல் வருகிறது. மாலத்தீவுக்கு இந்தியர்களுக்கு முன்கூட்டி விசா வேண்டாம். புறப்படுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ‘இமுகா’ பயணி அறிவிப்பைப் பதிய வேண்டும். மது, பன்றி இறைச்சி, வழிபாட்டு விக்கிரகம் கொண்டுபோகத் தடை உண்டு. அம்மா பெட்டியில் வைத்துவிடும் சின்னப் பிள்ளையாரை எடுத்து வைத்துவிட்டுப் போவது நல்லது.

கடைசியாக மாதம். மாலத்தீவில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட பருவம். தண்ணீர் தெளிந்திருக்கும், விலையும் ஏறியிருக்கும். தை, மாசிக் கல்யாணங்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. வைகாசி, ஆனி, ஆவணி அங்கே தென்மேற்குப் பருவமழைக் காலம். கட்டணம் இறங்கும், படகு குலுக்கும், அலை அதிகமானால் நீர்மேல் குடிலின் படியில் இறங்க விடமாட்டார்கள். ஆனியில் மணமானவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஆடியில் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவிடுவார்கள். ஆடி 18 அன்று காவிரிக் கரையில் புதுத் தாலிக்கயிறு மாற்றி, பத்திரமாக எடுத்துவைத்த கல்யாண மாலையை ஆற்றில் விட இருவரும் ஊரில் இருக்க வேண்டும். ஆனி முகூர்த்தத்துக்கு மண்டபம் பேசும்போதே பயணத்தை ஆடி பிறக்கும் முன், அதாவது ஜூலை 15-க்குள் திரும்புவதாக வைக்க வேண்டும். இல்லையென்றால் ஆவணிக்குத் தள்ளிவிட வேண்டும்.