கோடி: சொல் விளக்கம்

யாங்கோனில் (ரங்கூனில்) நம் ஆட்கள் மனை விலை பேசும்போது 'ஒரு கோடி' என்பதைவிட 'நூறு தெய்ன்' என்பதுதான் வாயில் வரும். தெய்ன் என்றால் பர்மிய மொழியில் லட்சம். கோடிக்கும் அங்கே தனிச்சொல் இருக்கிறது: 'கடே'. பணக் கணக்கில் அது அவ்வளவாகப் புழங்குவதில்லை.

இந்தக் கடே நம் கோடியேதான். பாலி மொழியின் 'கோடி' பௌத்த நூல்களோடு பர்மாவுக்கு வந்து, அந்த ஊர் நாக்கில் கடே ஆயிற்று. நம்மவர்கள் அப்புறம் கப்பலேறி வந்தபோது தமிழ்க் கோடியும் கூடவே வந்தது. 1930 வாக்கில் பர்மாவில் செட்டியார்கள் போட்டிருந்த முதலீடு 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள்.

வடமொழியில் கோடி என்பதற்கு வில்லின் வளைந்த நுனி, முனை, கடைசி என்றெல்லாம் பொருள். தனுஷ்கோடி என்றால் வில்லின் முனை. 'தெருக்கோடி வீடு' என்கிறோமே, அதிலும் இதே பொருள்தான். பழைய வானியலில் கொசைனுக்குப் பெயர் 'கோடிஜ்யா'. எண்ணாகவும் இந்தச் சொல் தமிழில் பழையது. 'அடுக்கிய கோடி பெறினும்' என்பது குறள். புதுத்துணியைக் குறிக்கும் கோடியை மட்டும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சரி, அந்த எண்ணுக்கு வருவோம். ஒன்றுக்குப் பின் ஏழு சுழி. பத்தை ஏழு முறை பெருக்கினால் கோடி. அதைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் ஏழு இரண்டும் ஏழு ஐந்தும் மட்டுமே கிடைக்கும். ஓர் எண் முழு வர்க்கமாக இருக்க ஒவ்வொரு பகாக் காரணியும் இரட்டைப்படை முறை வரவேண்டும்; முழுக் கனமாக இருக்க மூன்றின் மடங்காக வரவேண்டும். ஏழு இரட்டைப்படையும் அல்ல, மூன்றால் வகுபடவும் வகுபடாது. அதனால் கோடி முழு வர்க்கமும் அல்ல, முழுக் கனமும் அல்ல. அதை மீதியின்றி வகுக்கும் எண்கள் 64. அவற்றில் ஒரு சோடி எனக்கு மிகவும் பிடிக்கும்: 128 × 78,125. இரண்டிலும் சுழியே கிடையாது, பெருக்கினால் ஏழு சுழி வந்து நிற்கும்! பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

வர்க்கம் அல்லாத கோடியை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம். 3000-இன் வர்க்கத்தோடு 1000-இன் வர்க்கத்தைக் கூட்டினால் சரியாக ஒரு கோடி. 2600, 1800 என்றாலும் அதேதான். 3160, 120 என்றாலும் வரும். கடைசிச் சோடி 2456, 1992. வேறு சோடி கிடையாது. கோடிக்குள் உள்ள பகா எண்கள் 6,64,579.

தமிழில் இதற்குச் சரியான சொல் என்ன என்று கேட்டால், 'நூறு நூறாயிரம்' என்பேன். தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று பழைய பேரெண் பெயர்கள் உண்டுதான். கோடிக்கு நேராக அவற்றில் ஒன்றை வைக்க எனக்கு மனமில்லை. நூறு நூறாயிரம் என்றால் சொல்லிலேயே கணக்குத் தெரிகிறது. பழைய தமிழ் எண்களில் கோடியை ௱௱௲ என்று எழுதுவார்கள்: நூறு, நூறு, ஆயிரம். லட்சம் என்பதே நூறாயிரம்தானே? அப்படியானால் மனைக்கு 'நூறு தெய்ன்' என்று விலை சொல்கிறவர் சொல்வதும் அந்த மூன்று எழுத்தைத்தான்.