மலை அத்தியைத் தேடாதீர்கள், சன்ஷேடில் முளைத்ததை எடுங்கள்

"மேற்குத் தொடர்ச்சி மலையில இருக்கிற அபூர்வ அத்தி கன்று எங்க கிடைக்கும்?" வடசென்னையில் மாதவரம், புழல், கொளத்தூர் பக்கம் மாடித் தோட்டம் போடுகிறவர்களிடமிருந்து இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. கேட்பவர்களின் எண்ணம் நல்லதுதான். அருகிவரும் மரம், நம் வீட்டில் ஒன்றாவது பிழைத்திருக்கட்டுமே என்கிறார்கள். ஆனால் அத்தி இனத்தில் அந்தக் கணக்கு செல்லாது. ஒற்றையாக நிற்கும் மரம் உயிரோடு இருந்தாலும் அதன் வம்சம் அங்கேயே நின்றுவிடும்.

பிக்கஸ் பெட்டோமி என்ற மலை அத்தியை எடுத்துக்கொள்வோம். சென்னை மாகாண வனத்துறைக்கு 19ஆம் நூற்றாண்டில் தலைமை வகித்த பெட்டோம் என்பவரின் பெயர் அதற்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், ஈரம் காயாத பசுமைமாறாக் காடுகளில்தான் வளர்கிறது. இந்த வகை அத்திகளின் விதை தரையில் முளைப்பதைவிட வேறொரு மரத்தின் கிளை இடுக்கில், பறவை எச்சத்தில் முளைப்பதே அதிகம். அங்கிருந்து வேரை இறக்கி, மண்ணைத் தொட்டபிறகுதான் வேகமாகப் பருக்கும். கன்றுப் பருவத்துக்கு மேகமும் பாசியும் நிழலும் வேண்டும். எண்ணூர்க் காற்றிலும் தண்டையார்பேட்டை போர்வெல் தண்ணீரிலும் இவை எதுவும் இல்லை.

தட்பவெப்பத்தை எப்படியோ சமாளித்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த சிக்கல் குளவி. அத்திக்காயை வெளியிலிருந்து பார்த்தால் பூ தெரியாது, பூவெல்லாம் உள்ளே. ரோட்டோர நாட்டு அத்தியில் கோலிகுண்டு அளவுக் காய் ஒன்றைப் பறித்துக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். உள்சுவர் முழுக்கப் பொடிப்பொடியாகப் பூக்கள் நெருக்கியிருக்கும். நுனியில் ஒரு சின்ன வாய், அதைச் செதில்கள் அடைத்திருக்கும். கைலென்ஸ் இருந்தால் அந்தச் செதில்களுக்கு நடுவே ஒடிந்த மெல்லிய சிறகுகள் சிக்கியிருப்பதையும் சில காய்களில் பார்க்கலாம். இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத பெண் குளவி, மகரந்தத்தோடு அந்த வாய்க்குள் புகும்போது சிறகை இழந்துவிடும். உள்ளே முட்டையிட்டு, மகரந்தம் சேர்த்து, அங்கேயே சாகும். அடுத்த தலைமுறையில் சிறகில்லாத ஆண்கள் முதலில் வெளிவந்து, பெண்களோடு சேர்ந்து, காயில் துளை போட்டுக் கொடுக்கும். பெண்கள் பறந்து போகும்.

பறந்து போகிற பெண்ணின் ஆயுள் ஓரிரு நாள். அதற்குள் அதே இனத்து வேறொரு மரம், சரியான பருவத்துக் காயோடு அகப்பட வேண்டும். ஒரு மரத்தின் காய்கள் பெரும்பாலும் ஒன்றாகவே முற்றும் என்பதால், குளவி தான் வளர்ந்த மரத்திலேயே திரும்ப நுழைய வழி குறைவு. அதனால்தான் ஒரு வட்டாரத்தில் பல மரங்கள், மாதத்துக்கொன்றாக மாறிமாறிக் காய்த்தபடி இருக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலான அத்தி இனங்களுக்குத் தனக்கென்று ஒரு குளவி, அல்லது மிகச் சில குளவிகள்தான். எண்ணிக்கை குறைந்த மலை அத்தியில் ஒரு மரத்தை வெட்டினாலோ, கன்றுகளைத் தோண்டி எடுத்துவந்தாலோ, சங்கிலியில் ஒரு மாதம் அறுந்துபோகிறது. அந்த மாதம் குளவிக்குப் போக்கிடம் இல்லை.

கலிபோர்னியாவில் சிமிர்னா என்ற சீமை அத்தி ரகத்தை ஆசையாக நட்டார்கள். காய் பிடித்துப் பிடித்து உதிர்ந்தது. 1899இல் குளவியையும் கொண்டுபோய் விட்ட பிறகுதான் காய் உதிராமல் பழுத்தது. "எங்க வீட்டு அத்தி குளவி இல்லாமலே பழுக்குதே" என்பவர்கள் வைத்திருப்பது சீமை அத்தியில் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே பழுக்கும் ரகம். அதை வைத்து மலை அத்தியைக் கணக்குப் போடக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "அபூர்வ மலை அத்தி" என்று விற்கப்படுவதில் பல, இமயமலைப் பக்கத்துப் பெரிய இலை அத்தியாகவோ, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அழகுச் செடியாகவோ இருக்கும். இலையை மட்டும் பார்த்து அத்தியில் இனம் பிரிக்க முடியாது. காய் எங்கே காய்க்கிறது, காம்பு உண்டா, இலைச் செதில் எப்படி என்றெல்லாம் பார்க்க வேண்டும், அது கன்றில் தெரியாது. ஒருவேளை அது உண்மையிலேயே காட்டிலிருந்து எடுத்த கன்று என்றால் விஷயம் இன்னும் மோசம். காப்புக்காட்டிலிருந்து அனுமதியில்லாமல் செடி எடுப்பது குற்றம். எங்கே பதியன் போட்டது என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வாங்காதீர்கள்.

அத்தி வளர்க்கத்தான் ஆசை என்றால், கன்று உங்கள் தலைக்கு மேலேயே இருக்கிறது. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, பெரம்பூர் வீடுகளின் சன்ஷேடு, கைப்பிடிச் சுவர், மழைத்தண்ணீர்க் குழாயின் வளைவு என்று எங்கு பார்த்தாலும் அத்தி இனத்தைச் சேர்ந்த அரசும் ஆலும் இச்சியும் முளைத்து நிற்கின்றன. காகமும் மைனாவும் குயிலும் வௌவாலும் போட்ட விதை. மலையில் மரக்கிளை இடுக்கில் நடப்பதுதான் இங்கே சுண்ணாம்புக் காரையின் விரிசலில் நடக்கிறது. இவற்றின் குளவிகளும் இந்த ஊரிலேயே இருக்கின்றன, ஆகவே வளர்ந்தால் காய்த்துப் பறவைக்கு உதவும்.

இவற்றை எடுப்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். வெறுமனே ஒடித்துவிட்டால் அடியிலிருந்து இரண்டாக மூன்றாகத் துளிர்க்கும். ஆசிட் ஊற்றினால் செடி சாவதற்கு முன் சுண்ணாம்புக் காரை கரையும். கன்று சுண்டுவிரல் தடிமனுக்குள் இருக்கும்போதே, ஐப்பசி மழை நன்றாக நனைத்த மறுநாள் எடுப்பது சுலபம். விரிசலில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு, சின்ன உளியால் பூச்சைத் தட்டி, வேரை ஒரு சாணாவது முழுதாக உருவுங்கள். வேர் தொடங்கும் இடம் கிழங்குபோல் பருத்திருக்கும். அது உடையாமல் வந்தால் கன்று பிழைத்த மாதிரிதான். பழைய சன்ஷேடு மேல் ஏறி நிற்காதீர்கள், உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கும். ஏணி போடுங்கள்.

எடுத்த இடத்தைச் சுண்ணாம்புக் காரையாலேயே அடைக்க வேண்டும். சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே தங்கி, ஓரத்தில் மறுபடி விரியும், அடுத்த விதை அங்கேயே விழும். மணிக்கட்டு அளவு பருத்துவிட்டதை இழுக்கவே கூடாது, சுவரும் சேர்ந்து வரும். அறுத்து, வெட்டுவாயில் மருந்து தடவி, வேர் காய்ந்த பிறகு கட்டட வேலை செய்ய வேண்டும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்று 2022இல் மத்திய அரசு கட்டுப்படுத்திவிட்டது. ஆகவே கடையில் வாங்கி நீங்களே ஊற்றுகிற வேலை வேண்டாம்.

உருவிய கன்றில் பால் வடிவது நிற்கும்வரை நிழலில் வைத்து, இலையில் மூன்றில் இரண்டு பங்கைக் கிள்ளிவிடுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. எட்டு அங்குலப் பை போதும். நான்கு வாரம் நிழல், பிறகு மெதுவாக வெயில். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை ஓரம் கருகும். பிடித்துவைத்த மழைநீரோ மெட்ரோ வாட்டரோ ஊற்றுங்கள். உப்புத் தண்ணீர்தான் கதி என்றால், பத்து நாளுக்கு ஒருமுறை பையின் அடியில் வழியும்வரை விட்டால் மண்ணில் சேர்ந்த உப்பு ஓரளவு இறங்கும்.

ஆலுக்கு இதைவிடச் சுருக்கு வழி போத்து நடுவது. கைத் தடிமனில் ஆறேழு அடிக் கிளை, அதில் இரண்டடி மண்ணுக்குள், மேல் வெட்டில் சாணி அப்பிவிட வேண்டும். மழைக்கு முன் நட்டால் நன்றாகப் பிடிக்கும். அரசுக்கு இது அவ்வளவு ஒத்துவராது, கன்றே மேல்.

எங்கே நடுவது என்பதில் சமரசம் கூடாது. வீட்டுச் சுவர், சம்ப், செப்டிக் டேங்க், மழைநீர் வடிகால் எதிலிருந்தும் 10 மீட்டராவது தள்ளி. நடைபாதையில் வேண்டவே வேண்டாம். வடிகால் வேலைக்கு ஒரு பக்க வேரை வெட்டினால், 2016 வர்தா மாதிரியான காற்றுக்கு அந்த மரம் தாங்காது. பள்ளி மைதானம், கோயில் நிலம், ஏரியை ஒட்டிய பொது இடம் என்றால் முதலில் உரியவரிடம் அனுமதி. அவ்வளவு இடமில்லாதவர்களுக்குப் பேயத்தி ஏற்றது, சின்ன மரம். அதில் விதை தரும் மரம் வேறு, குளவி வளரும் மரம் வேறு என்பதால் பக்கத்தில் இன்னும் சில இருந்தால்தான் பழுக்கும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரமாக இருப்பவர்கள் முதலில் பூவரசை வரிசையாக வையுங்கள். உப்புக்காற்றை அது மறைத்த பிறகு அத்தி வகையைப் பற்றி யோசிக்கலாம்.

கன்று நாலைந்து அடி வளர்ந்தபின் மூன்றடிக்கு மூன்றடி குழி எடுத்து நட்டு, ஆட்டுக்கும் மாட்டுக்கும் எட்டாதபடி கூண்டு வையுங்கள். முதல் இரண்டு கோடைக்கு வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டு குடம். தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் வேர் மேலேயே தங்கிவிடும்.